‘காஸ்’ துணியும் காஸா நகரமும்: ஆதாரமின்றிப் பகிரலாமா?



காயத்தின் மீது வைத்துக் கட்டும் மெல்லிய வலைத்துணியை மருத்துவமனைகளில் ‘காஸ்’ என்ற ஆங்கிலப் பெயரால் அழைக்கிறார்கள். இந்தப் பெயரைப் பற்றிய செய்தி ஒன்று 2023 அக்டோபருக்குப் பின் சமூக ஊடகங்களில் மொழிக்கு மொழி பரவியது. அதில் மூன்று கூற்றுகள் இருந்தன. ‘காஸ்’ என்ற சொல் பாலஸ்தீனத்தின் காஸா நகரிலிருந்து பிறந்தது என்பது முதலாவது. காயம் கட்டும் துணியை உலகுக்கு முதன்முதலில் நெய்து கொடுத்தவர்கள் காஸா மக்களே என்பது இரண்டாவது. இன்று அவர்களுடைய காயத்தைக் கட்டவே அந்தத் துணி கிடைக்கவில்லை என்பது மூன்றாவது.

ராஜபாளையம் வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இச்செய்தி நெஞ்சுக்கு இன்னும் நெருக்கமானது. ஊரை ஒட்டிய சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், சங்கரபாண்டியபுரம் ஆகிய ஊர்களின் விசைத்தறிகளில் நாள்தோறும் நெய்யப்படுவது இந்தத் துணிதான். ‘பேண்டேஜ் துணி’ என்று நம் மக்கள் அழைக்கும் அது இங்கிருந்து பல மாநிலங்களின் மருத்துவமனைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் போகிறது. நம் வட்டாரத்துத் தறியும் காஸாவின் பெயரும் ஒரே சொல்லில் சந்திக்கின்றன என்று கேட்டவுடன் உள்ளம் உருகுவது இயல்பே.

ஆயினும் உள்ளம் உருகுவது ஒன்று, உண்மை வேறு ஒன்று. அம்மூன்று கூற்றுகளில் கடைசியானது உண்மை. காஸாவின் மருத்துவமனைகளில் மயக்க மருந்துக்கும் கட்டுத்துணிக்கும் கடுந்தட்டுப்பாடு ஏற்பட்டதை உலக சுகாதார அமைப்பும் அங்குப் பணியாற்றிய மருத்துவர்களும் பலமுறை பதிவு செய்துள்ளனர். முதல் கூற்று உறுதிப்படாதது. இரண்டாவது தவறானது. உறுதியான உண்மை ஒன்றை உறுதியற்ற இரண்டு செய்திகளோடு முடிந்து அனுப்புவது காஸா மக்களுக்குச் செய்யும் உதவியாகுமா என்பதே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் இச்சொல் 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியிலிருந்து நுழைந்தது. ஸ்பானிய மொழியில் ‘காஸா’ என்ற ஒலியோடும், இத்தாலிய மொழியில் ‘கார்ஸா’ என்றும் இதன் உறவுச் சொற்கள் உண்டு. அந்நாளில் இது மருத்துவச் சொல்லாக இருக்கவில்லை. உடல் தெரியும் அளவுக்கு மெல்லிய, பெரும்பாலும் பட்டாலான ஆடைத்துணியையே அது குறித்தது. செல்வர் வீட்டுப் பெண்களின் மேலாடையும் முகத்திரையும் அதில் தைக்கப்பட்டன.

பிறகு பொருள் கிளைத்தது. நெசவுத் தொழிலில், இரண்டு பாவு இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஊடை இழையைப் பற்றிப் பிடிக்கும் ஒரு வகை நெசவுக்கே இப்பெயர் வந்தது. நாடக மேடையில் ஒளியைப் பொறுத்துத் தெரிந்தும் மறைந்தும் நிற்கும் திரைக்கும் அதே பெயர். பள்ளி ஆய்வகத்தில் முக்காலியின் மேல் வைக்கும் கம்பி வலையும் ‘காஸ்’தான். 1815இல் ஹம்ப்ரி டேவி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்காக உருவாக்கிய பாதுகாப்பு விளக்கில், சுடர் வெளியேறி வாயு தீப்பற்றாமல் தடுத்தது இத்தகைய கம்பி வலையே. எழுத்தாளர்கள் மெல்லிய மூடுபனியையும் இச்சொல்லால் குறித்தார்கள்.

காயம் கட்டும் துணி என்ற பொருள் இந்த வரிசையில் பிந்தியே வருகிறது. 1870களில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமிலம் ஏற்றிய மெல்லிய துணியைக் காயங்களுக்குப் பயன்படுத்தினார். பருத்தியில் இயற்கையாக உள்ள மெழுகை நீக்கினால் அது நீரை விரைந்து உறிஞ்சும் என்ற அறிவும் அக்காலத்தில் தொழிலாக வளர்ந்தது. இன்று தறியிலிருந்து இறங்கும் பழுப்புத் துணியைக் கொதிக்கவைத்து, வெளுத்து, வெட்டி மடித்து, கிருமி நீக்கி மருத்துவமனைக்கு அனுப்பும் முறை அவ்வழியில் வந்ததே. ஆகவே ‘காஸ்’ என்ற பெயர் காஸாவிலிருந்தே வந்தது என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டாலும், காஸா மக்கள் காயத்துணியைக் கண்டுபிடித்தார்கள் என்பது அதிலிருந்து பெறப்படாது. பெயர் வந்த வழி வேறு, பயன்பாடு வந்த வழி வேறு.

அடுத்து, பெயர் வந்த வழி. இதில் இரண்டு கருத்துகள் உள்ளன. காஸா நகரின் பெயரே துணிக்கு வந்தது என்பது ஒன்று. இதைக் குறிப்பிடும் அகராதிகள் பெரும்பாலும் ‘ஒருவேளை’, ‘எனக் கருதப்படுகிறது’ போன்ற எச்சரிக்கையோடுதான் குறிப்பிடுகின்றன. காஸாவில் அத்தகைய மெல்லிய துணி நெய்யப்பட்டு ஐரோப்பாவுக்குச் சென்றதைக் காட்டும் திடமான சான்று கிடைக்காததே அந்தத் தயக்கத்துக்குக் காரணம். கச்சாப் பட்டைக் குறிக்கும் ‘கஸ்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பது மற்றொரு கருத்து. அந்த அரபுச் சொல்லே பாரசீகத்திலிருந்து வந்தது என்பர். தொடக்கத்தில் இத்துணி பெரும்பாலும் பட்டால் ஆனது என்பதால் இக்கருத்தையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

தமிழில் எழுதும்போது இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அரபியில் அப்படியல்ல. நகரின் பெயர் ‘கைன்’ எழுத்தில் தொடங்குகிறது. பட்டின் பெயர் ‘காஃப்’ எழுத்தில் தொடங்குகிறது. ஒன்று தொண்டையின் மேற்பகுதியில் பிறப்பது; மற்றொன்று நாவின் அடிப்பகுதி மேலண்ணத்தைத் தொடப் பிறப்பது. மதரஸாவில் மக்ரஜ் கற்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு தெரியும். எழுத்து மாறினால் பொருள் மாறும் என்று கற்பிக்கும் நாமே இங்கே இரண்டையும் ஒன்றாக்கிவிடலாமா? இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அரபு மக்கள் தம் மொழியில் காயத்துணியை ‘ஷாஷ்’ என்றே அழைக்கிறார்கள். காஸாவின் மருத்துவமனையிலும் அதற்கு அதுதான் பெயர். அந்த ‘ஷாஷ்’ என்ற சொல்லிலிருந்தே இடுப்பிலும் தோளிலும் அணியும் பட்டையைக் குறிக்கும் ‘சாஷ்’ என்ற ஆங்கிலச் சொல் பிறந்தது. இது ஐயமின்றி நிறுவப்பட்ட ஒன்று. ஆனால் இதை யாரும் பகிர்வதில்லை. கண்ணீரை வரவழைக்கும் கதை எதுவும் இதில் இல்லையே!

ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது என்பதைத் தமிழர்கள் தம் மொழியிலேயே அறியலாம். பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல் நம் ‘காசு’ என்பதிலிருந்து பிறந்தது என்று பெருமையோடு சொல்வோர் உண்டு. உண்மை பாதியே. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று இரண்டு சொற்கள் இருந்தன. ரொக்கப் பணத்தைக் குறிப்பது, பணப்பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழியே வந்தது. கீழை நாடுகளின் சிறு நாணயத்தைக் குறித்த மற்றொன்றுதான் போர்ச்சுகீசியர் வாய்வழியே நம் ‘காசு’விலிருந்து சென்றது. சென்னையில் 1818 வரை 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கும்பினியார் கணக்கு எழுதியபோது புழங்கியது இந்த இரண்டாவது ‘கேஷ்’. ஒலியால் ஒன்றான இரண்டு சொற்கள் வேரால் வேறானவை. நம் சமையலறையின் ‘காஸ்’ சிலிண்டரையும் பாருங்கள். தமிழ் எழுத்தில் அதற்கும் கட்டுத்துணிக்கும் வேறுபாடே இல்லை. ஆனால் அச்சொல் 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் என்ற அறிஞர் ஒரு கிரேக்கச் சொல்லை மனத்தில் கொண்டு தாமே உருவாக்கியது.

சொற்களை விட்டு ஊருக்கு வருவோம். தமிழக அரசின் முத்திரையில் உள்ள கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூருடையது என்றே நாம் அனைவரும் கேட்டு வளர்ந்தோம். அது மதுரையின் மேற்குக் கோபுரத்தைப் பார்த்து வரையப்பட்டது என்று வாதிடுவோரும் உள்ளனர். நாடு விடுதலை பெற்ற பின், நம் தாத்தாமார் காலத்தில் வரையப்பட்ட ஒரு சின்னத்தின் மூலத்திலேயே இரண்டு கருத்து இருக்கிறது என்றால், பல நூற்றாண்டுகளுக்கு முன் கடல் கடந்து, மூன்று நான்கு மொழிகளில் உருமாறிய ஒரு சொல்லின் பிறப்பிடத்தை ஒரே வரியில் முடித்துவிட முடியுமா? விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. அங்கே சாட்சிக் கூண்டில் ஏறி ‘எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்’ என்றால் நீதிபதி ஏற்பாரா? தனக்குச் சாதகமான சாட்சியம் என்பதற்காக ஆதாரமற்ற ஒன்றை வழக்கறிஞர் முன்வைத்தால், அது அவருடைய மற்ற ஆதாரங்களையும் சேர்த்தே பலவீனப்படுத்தும்.

நமக்கு இதைக் கற்பிக்க நீதிமன்றம் தேவையில்லை. தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிடாதிருக்க அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளும்படி அல்லாஹ் ஸூரத்துல் ஹுஜுராத்தில் (49:6) கட்டளையிடுகிறான். அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்றும், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்றும் பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில் (17:36) எச்சரிக்கிறான். கேட்டதையெல்லாம் அறிவித்துக்கொண்டிருப்பதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் தொகுப்பின் முன்னுரையில் பதிவு செய்துள்ளார்கள். பொய்யை உருவாக்குவது மட்டுமல்ல, வடிகட்டாமல் கடத்துவதும் அதில் அடங்கும். விரலால் ஒரு பொத்தானைத் தொட்டு நூறு பேருக்கு அனுப்பும் இக்காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை எது?

‘நோக்கம் நல்லதுதானே? காஸாவின் மீது பரிவு வளர்ந்தால் நன்மைதானே?’ என்று சிலர் கேட்கலாம். இக்கேள்வி நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. குர்ஆனின் அத்தியாயங்களை ஓதுவதன் சிறப்பைப் பற்றி நபிமொழிகளை இட்டுக்கட்டியவராக நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவரை ஹதீஸ் கலை நூல்கள் குறிப்பிடுகின்றன. மக்கள் குர்ஆனின் பக்கம் திரும்ப வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். நோக்கத்தில் குறை காண முடியுமா? ஆயினும் நம் இமாம்கள் அந்த நோக்கத்தைப் பாராட்டி அவருடைய அறிவிப்புகளை ஏற்கவில்லை; பொய் என்றே எழுதிவைத்து, பின்வரும் தலைமுறைகளை எச்சரித்தார்கள். சொல்லின் வரலாறு மார்க்கமன்று. நபிமொழிக்குரிய கண்டிப்பை ஒவ்வோர் உலகச் செய்திக்கும் பொருத்தவும் முடியாது. ஆனால் நல்ல நோக்கம் பொய்யைத் தூய்மையாக்காது என்ற அளவுகோல் இரண்டுக்கும் பொதுவானது.

இதில் நடைமுறைத் தீங்கும் இருக்கிறது. ராஜபாளையத்தின் ஒரு கல்லூரியில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளை வகுப்பில் இச்செய்தியைச் சொல்கிறாள் என்று வையுங்கள். சக மாணவர் ஒருவர் அகராதியைத் திறந்து, ‘இது உறுதியில்லையே’ என்று காட்டுகிறார். அடுத்து அவள் காஸாவின் மருத்துவமனைகளைப் பற்றி, அங்கே கொல்லப்பட்ட குழந்தைகளைப் பற்றிச் சொல்லும் ஆவணப்படுத்தப்பட்ட உண்மைகளும் ‘இதுவும் அப்படித்தான் இருக்கும்’ என்று தள்ளப்படும். பல்லாயிரம் உயிர்களின் இழப்பு ஒரு சொல்லாராய்ச்சி விவாதத்தில் காணாமல் போகும். அவர்களுடைய துயரத்தை மறுக்க விரும்புவோருக்கு நாமே ஒரு வாசலைத் திறந்துவைத்தவர்களாவோம். நூற்ற நூலை உறுதியாக முறுக்கிய பின் தானே பிரித்துப்போடும் பெண்ணைப் போல் ஆகிவிடாதீர்கள் என்று ஸூரத்துந் நஹ்லில் (16:92) வரும் உவமை, செய்த உடன்படிக்கையை முறிப்பது பற்றியது. நெசவை அறிந்த நம் வட்டாரத்தார் அந்த உவமையின் வலியை நன்றாக உணர்வார்கள். சேர்த்த நம்பகத்தன்மையை நம் கையாலேயே இழை இழையாகப் பிரிப்பதும் அத்தகைய இழப்பே.

காஸாவின் சிறப்பைச் சொல்ல உறுதியற்ற கதை எதுவும் தேவையில்லை. நபி (ஸல்) அவர்களின் பாட்டனார் அப்துல் முத்தலிபின் தந்தையார் ஹாஷிம், வணிகப் பயணத்தில் காஸாவில் மரணித்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அதனால் அவ்வூருக்கு ‘கஸ்ஸத்து ஹாஷிம்’, அதாவது ஹாஷிமின் காஸா, என்ற பெயரும் வழங்குகிறது. ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பிறந்ததும் காஸாவில்தான் என்பதே பரவலான கருத்து. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் தலைமுறை தலைமுறையாகத் தொழுகையும் நோன்பும் அந்த இமாமின் மத்ஹப் வழியே நடந்துவருகின்றன. மார்க்கச் சட்டத்தில் எதை ஆதாரமாகக் கொள்வது, எப்படிக் கொள்வது என்பதை முறைப்படுத்தி ‘அர்ரிஸாலா’ என்ற நூலை எழுதியவர்கள் அவர்கள். ஆதாரம் இன்றிப் பேசாதே என்று உலகுக்குக் கற்பித்த இமாம் பிறந்த ஊருக்கு, ஆதாரமற்ற ஒரு செய்தியால் புகழ் சேர்க்க முனைவது எவ்வளவு பொருத்தமற்றது!

காஸாவுக்கும் தறிக்கும் உள்ள உறவைத்தான் சொல்ல வேண்டும் என்றால், அதற்கும் மெய்யான வரலாறு இருக்கிறது. காஸாவுக்கு வடக்கே அல்மஜ்தல் என்ற நெசவாளர் ஊர் இருந்தது. கறுப்பு, நீலப் பருத்தி இழைகளோடு வண்ணப் பட்டிழை சேர்த்து அவர்கள் நெய்த துணிக்கு ‘மஜ்தலாவி’ என்று பெயர். 1948 போரிலும் அதைத் தொடர்ந்து 1950 வரையிலும் அம்மக்கள் தம் ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் காஸாவில் அகதிகளாகக் குடியேறி, அங்கேயும் தறி போட்டு அதே துணியை நெய்தார்கள். ஊர் போனது, தொழிலை விடவில்லை. சத்திரப்பட்டியின் தறி ஓசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, அகராதிக்காரர்களே தயங்கும் ஒரு சொல்லின் கதையைவிட இந்த நெசவாளர்களின் கதை எளிதில் விளங்கும்.

நம் பாரம்பரியத்தின் சுவடுகளை ஆங்கிலத்தில் காட்ட வேண்டும் என்ற ஆசையும் தவறானதன்று. அதற்கும் உறுதியான சான்றுகள் ஏராளம். பருத்தியைக் குறிக்கும் ‘காட்டன்’, அரபியின் ‘குத்ன்’ என்பதிலிருந்து வந்தது. ‘மஸ்லின்’ ஈராக்கின் மோசுல் நகரின் பெயரால் வந்தது. ‘டமாஸ்க்’ திமிஷ்கின் பெயரைத் தாங்கியது. ‘காலிகோ’ நமக்கு அண்டையிலுள்ள கோழிக்கோட்டின் பெயர். அகராதிகள் வழிமொழியும் இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ‘காஸ்’ பற்றிக் கேட்டால், ‘காஸாவிலிருந்து வந்திருக்கலாம், பட்டைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்தும் வந்திருக்கலாம், உறுதியாகத் தெரியாது’ என்று சொல்லுங்கள். ‘அல்லாஹு அஃலம்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவர்களையே நம் முன்னோர் ஆலிம்கள் என்று மதித்தார்கள்.

காஸாவுக்காக நாம் செய்ய வேண்டியவை வேறு இருக்கின்றன. தொழுகையில் துஆச் செய்வது, சட்டப்படியான வழியில் நம்பகமான நிவாரண அமைப்புகளுக்கு உதவுவது, உறுதியான செய்தியை உறுதியான மூலத்தோடு பகிர்வது ஆகியவை நம் கைக்கு எட்டியவை. அருகிலேயே இன்னொரு கடமையும் உண்டு. உலகின் காயங்களைக் கட்டும் துணியை நெய்யும் தறித் தொழிலாளர்கள் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தே வேலை செய்கிறார்கள். அது நாளடைவில் நுரையீரலைக் கெடுக்கும். கூலி உயர்வுக்காக அவர்கள் வேலைநிறுத்தம் செய்யும் செய்தி அவ்வப்போது வருகிறது. உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிவழி, அவர் எச்சமயத்தவர் என்று பார்க்கச் சொல்லவில்லை. தொலைவில் உள்ள காயத்துக்கு அழும் கண், அதைக் கட்டும் துணியைப் பக்கத்தில் இருந்து நெய்பவரின் இருமலையும் கவனிக்க வேண்டும்.

அடுத்த முறை அந்தச் செய்தி நம் கைப்பேசிக்கு வரும்போது, அனுப்பியவரைக் கேலி செய்ய வேண்டாம். அவர் பரிவினால் அனுப்பியிருப்பார். ‘பாய், கடைசி வரி உண்மை, முதல் இரண்டு வரிகளுக்கு ஆதாரம் இல்லை’ என்று தனியாக, கனிவாகச் சொல்வோம். காஸாவின் மக்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது புகழ்க்கதையை அல்ல, உண்மையான சாட்சியை. சாட்சியத்தில் நீதியோடு நிலைத்து நிற்பவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. அம்மக்களின் காயங்களை ஆற்றுவானாக. ஆமீன்.